ஒரு வாரக் குரல்

என் அக்காவுக்குப் பேச ஒரு வாரம்தான் அனுமதி. வாரம் முடிந்ததும் வாயை அடைத்துவிடுவார்கள். மறுபடியும் நான் கேபிளை மாட்டி, எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியிடம் கேட்டு, இன்னொரு வாரம் வாங்கித் தரவேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம், அக்காவும் நானும் மட்டும். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன். அக்கா வேறொரு பள்ளியில் பி.டி. டீச்சர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் "வரிசையில நில்லு" என்றால், எதிர் மூலையில் கோ-கோ ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் ஆட்டத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும். மைக் அவளுக்குப் பிடிக்காது. மைக் கேட்கிற டீச்சர்களைத் தொண்டை இல்லாதவர்கள் என்று கேலி செய்வாள். அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது.

குரல்வளையை எடுத்துவிடவேண்டும், வேறு வழி இல்லை என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் குரல் திரும்பி வராது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அதுக்கப்புறம் நான் எப்படி டாக்டர் திட்டறது?"

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றைக் காட்டினார்கள். கரகரவென்று இயந்திரம் பேசுகிற மாதிரி இருந்தது. அக்கா ஒதுக்கிவிட்டாள். சரி, எழுதினால் படித்துச் சொல்கிற ஆப் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது. அதில் பேசுகிற பெண்மணி, ரயில் தாமதமாக வருவதற்கு வருத்தம் தெரிவிக்கிறவர் மாதிரி, "எனக்குப் பசிக்கிறது" என்றார். அக்கா டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள்.

"என் பசிய சொல்றதுக்கு இந்தப் பொம்பள யாருடி?"

அப்போதுதான் நானே ஒரு ஆப் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரை நிறையப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அக்காவின் சொந்தக் குரலில் ஒரு வாக்கியம். பொத்தானைத் தொட்டால் அவள் பேசுவாள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் தினமும் காலையில் உட்கார்ந்து பதிவு செய்தோம். காபி சூடு பத்தலை. ஃபேனை ஏத்து. மயிலாப்பூர் டேங்க் போகணும், மீட்டர் மேல கேக்காதே. இதெல்லாம் முதல் இரண்டு பக்கங்கள். மூன்றாவது பக்கம் முழுக்கத் திட்டுகள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். 'மூதேவி' என்ற ஒரு சொல்லையே மூன்று தினுசாகப் பதிவு செய்தாள். பாசத்தோடு ஒன்று, பாதிக் கோபத்தில் ஒன்று, முழுக் கோபத்தில் ஒன்று. பின்னணியில் காக்காயும், பறக்கும் ரயிலும், கீரைக்காரர் சத்தமும் இருக்கும். எதையும் நீக்கக் கூடாது என்று உத்தரவு.

நாலாவது பக்கம் ஜெபமாலைக்கு. எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லவேண்டும், மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்லுவோம். அம்மா போன நாளிலிருந்து முன்பாதி அக்காவுடையது. மாதாவுக்கான ஜெபம் ஐம்பது தடவை வரும். ஒரு தடவை சொல்லு, நான் அதையே ஐம்பது தடவை ஓடவிடுகிறேன் என்றேன். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பழைய மைதானக் குரல் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

"ஒரு தடவ சொல்லி அம்பது தடவ கணக்கு காட்டறதுக்குப் பேரு ஜெபமா? மாதா என்ன உன் கம்ப்யூட்டரா?"

ஐம்பதையும் பத்துப் பத்தாக, தனித்தனியாகச் சொன்னாள். நடுவில் இருமல் வரும், தண்ணீர் குடிப்பாள், மறுபடி சொல்வாள். மூன்றாவது பத்தின் நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டது. பதிவை நிறுத்தாமலே "அடுப்ப அணைடி" என்று எனக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அதுவும் நான்தானே என்றாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த டேப்லெட் அவள் கையை விட்டு இறங்கவில்லை. அவள் ஓய்வு பெற்றபோது பழைய மாணவிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது அது. அவளுடைய பொருள். அதில் ஓடுவது நான் எழுதிய ஆப். பேசுவது அவள் குரல். இந்த மூன்றில் எதிலும் வேறு யாருக்கும் பங்கு இல்லை என்று நான் முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் ஒரு மதியம் அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று டேப்லெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஆப்பைத் தொட்டால், இந்த ஆப் இனிமேல் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. நான் எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து அன்று மாலை முழுக்க நிரலை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. விஷயம் இதுதான்: அந்தக் கம்பெனியின் டேப்லெட்டில் நாமே எழுதிய ஆப்பை ஏற்றினால் அதற்கு ஒரு வார ஆயுள். வாரம் முடிந்தால் அது திறக்காது. அதே கம்பெனியின் லேப்டாப்பில் இணைத்து, இணையம் வழியாக அவர்களிடம் மறுபடி முத்திரை குத்தி வாங்கவேண்டும். அந்த லேப்டாப்பையும் அண்ணன் மகளிடம் கெஞ்சி, அவள் ஒதுக்கி வைத்திருந்த பழையதை வாங்கி வந்திருந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தி. நகரில் இருக்கிற ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு, வியர்த்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்ததும் அந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த ஆப்ப எந்த ஸ்டோர்லேர்ந்து டவுன்லோட் பண்ணீங்க மேடம்?"

"நான் எழுதினது தம்பி."

"இல்ல மேடம், எங்கேர்ந்து டவுன்லோட் பண்ணீங்க?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் புரிந்துகொண்டு, அப்படியென்றால் ஸ்டோரில் போட்டுவிடுங்கள், எல்லாரும் டவுன்லோட் செய்யலாம் என்றார். என் அக்கா என்னை மூதேவி என்று திட்டுவதை உலகமே டவுன்லோட் செய்து என்ன செய்யப்போகிறது என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், "அது பாதுகாப்புக்காக மேடம், பாலிசி" என்றார். யாருக்குப் பாதுகாப்பு? யாரிடமிருந்து பாதுகாப்பு? என் அக்கா குரலிலிருந்து என் அக்காவைக் காப்பாற்றுகிறார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்றுதான் இருந்தது. அந்தப் பையனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வருஷச் சந்தா கட்டினால் ஒரு வருஷம் ஓடும் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தாலும் கட்டிவிடலாம் என்றே உட்கார்ந்தேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று படிவம் கேட்டது. எனக்கு இருப்பது ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு பெயரும் அதன் முன்னால் அப்பாவின் ஒற்றை எழுத்தும். அந்த எழுத்தைக் கடைசிப் பெயராகப் போட்டால் அது பெயரே இல்லை என்றது. அப்பாவின் பெயரை முழுசாக எழுதினால் ஆதாரில் அப்படி இல்லை, உங்களை உறுதி செய்ய முடியவில்லை என்றது. கடிதம் எழுதினேன். உங்கள் சட்டப்படியான குடும்பப் பெயரைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கிடையாது என்று எழுதினேன். மறுபடி அதே பதில். ஐம்பத்தொன்பது வயதில் ஒருத்தி தன் பெயரைச் சொன்னால் அது பெயர் இல்லை என்று சொல்ல இவர்கள் யார் என்று வீட்டில் கத்தினேன். அக்கா மூன்றாவது பக்கத்தைத் திறந்து, பாசத்தோடு சொல்கிற மூதேவியை அழுத்தினாள்.

அதனால் வாரம் ஒருமுறை என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை பார்த்துவிட்டு வந்து, புடவைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து கம்பெனிக்கு ஒரு பூசை போடுவேன். டேப்லெட்டை மாட்டி, கடவுச்சொல் கொடுத்து, முத்திரை வாங்கி, ஆப்பைத் திறந்து பார்த்து, அக்கா "காபி சூடு பத்தலை" என்று சொன்னால்தான் எழுந்திருப்பேன். நான் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும், அந்தப் பழைய லேப்டாப் செத்துப்போனால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்தால் தலை சுற்றும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைவோம். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டு ஆள்தான் முன்பாதி சொல்வது வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் முறை வந்தபோது, டீச்சருக்கு முடியவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களைத் தாண்டிப் போனார்கள். அடுத்த சுற்றிலும் தாண்டினார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் அக்கா கூனிக் குறுகிப்போனாள். உயிரோடு இருக்கிற ஒருவரைப் படமாக மாட்டிவிட்டு மாலை போட்டால் எப்படியோ அப்படி நடத்துகிறார்கள் என்று எழுதிக் காட்டினாள். ஒரு நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அன்பியத் தலைவியை மறித்து, டேப்லெட்டை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். அவள் குரல் கணீரென்று கேட்டது.

"என் விஷயத்த நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையப் பாரு."

திட்டுகளின் பக்கத்தில் இருந்ததிலேயே மரியாதையானது அதுதான். தலைவி அசந்துபோய், அடுத்த மாதம் உங்கள் வீட்டில்தான் டீச்சர் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாலைக்கு அக்கா கஞ்சி போட்ட புடவை கட்டி, மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த துளையை மறைக்க அதே நிறத்தில் துணி சுற்றியிருந்தாள். மாதா சுரூபத்துக்கு மல்லிப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கூடம் நிறைய ஜமக்காளம் விரித்தோம். மதியம் ஆப்பைத் திறந்து பார்த்தேன். நன்றாக ஓடியது. ஆறு மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். கூடம் அமைதியானது. அக்கா டேப்லெட்டை மடியில் வைத்து விரலால் தொட்டாள். அந்தச் சின்னப் பெட்டி வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன ஞாயிறு வில்லிவாக்கத்தில் சொந்தக்காரப் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம். காலையிலேயே கிளம்பவேண்டும் என்று முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலமே முத்திரை வாங்கி வைத்திருந்தேன். முன்னால் வாங்கினால் முன்னாலேயே முடியும். ஞாயிறுக்கு ஞாயிறு என்று ஊறிப்போன என் மண்டையில் அது ஏறவில்லை. ஒரு குடும்ப விசேஷத்துக்குப் போய்வந்ததற்கு எங்கள் கூடத்தில், எங்கள் ஜனங்கள் முன்னால், என் அக்காவின் வாயை அடைத்தார்கள்.

அக்கா மறுபடி தொட்டாள். மறுபடி தொட்டாள். முகம் சிவந்துபோனது. தலைவியின் மருமகன் ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறவர், உதவி செய்ய எழுந்து வந்தார். நான் லேப்டாப் எடுக்க உள்ளே ஓடுவதற்குள் டேப்லெட்டைக் கையில் வாங்கிவிட்டார்.

"ஆன்ட்டி, இத டெலிட் பண்ணிட்டு ஸ்டோர்லேர்ந்து நல்ல ஆப்பா ஒண்ணு போட்டுத் தரேன்."

"தம்பி, அதத் தொடாதீங்க" என்று நான் போட்ட கூச்சலில் அவர் கை நின்றது. பதிவுகளுக்கு என்னிடம் நகல் இருந்தது. ஆனாலும் என்னால் கத்தாமல் இருக்க முடியவில்லை. அவர் டெலிட் செய்யவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. நான் உள்ளே லேப்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவர் தட்டிவிட்ட பழைய ஆப்பிலிருந்து அந்த ரயில் நிலையப் பெண்மணி "அனைவருக்கும் வணக்கம்" என்றார். எட்டிப் பார்த்தேன். அக்கா டேப்லெட்டைப் பிடுங்கி மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். யாரோ பாவம் என்றார்கள்.

தலைவி மெதுவாக, "பரவால்ல டீச்சர், நீங்க ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க, நானே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். கூடமே பின்பாதியைச் சொன்னது. அக்கா எழுந்து, டேப்லெட்டை என் கையில் திணித்துவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அவளுக்கு அழும்போதும் சத்தம் வராது. தோள் மட்டும் ஆடியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்லிவிட முடியாது. அந்தக் கம்பெனியின் தலைமை ஆசாமியைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சமையலறை வாசலில் நிறுத்தவேண்டும் போல இருந்தது.

லேப்டாப்பை மாட்டினேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு நீளமான காகிதம் மாதிரி திரையில் விரிந்தது. எங்கள் விதிமுறைகள் மாறியிருக்கின்றன, படித்துச் சம்மதம் தெரிவித்தால்தான் மேலே போகலாம் என்றது. உள்ளே அக்கா சுவரைப் பார்த்து நிற்கிறாள். கூடத்தில் இரண்டாவது பத்து போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒரு வரிகூடப் படிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, சம்மதம் என்று அழுத்தினேன். என்ன எழுதியிருந்தாலும் அழுத்தியிருப்பேன். அது அவர்களுக்குத் தெரியும்.

ஆப் திறந்தபோது ஜெபமாலை முடிகிற நேரம். டேப்லெட்டைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றாள். கடைசி ஜெபம் முடிந்து எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பிளாஸ்கைத் திறந்து யாரோ டீ ஊற்ற ஆரம்பித்தார்கள். அக்கா சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, திட்டுகளின் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட்டாள்.

"உக்காரு. எல்லாரும் உக்காரு. நான் இன்னும் முடிக்கல."

மைதானத்துக்காக அவள் வைத்திருந்த குரல் அது. எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். தலைவியின் மருமகன் பாதிக் குனிந்த நிலையில் டீ கிளாஸோடு நின்று, பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். தலைவி, ஜெபமாலைதான் முடிந்துவிட்டதே டீச்சர் என்று இழுத்தார். கோயிலைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற பெண், பள்ளியில் அக்காவிடம் கபடி படித்தவள், ஓரத்திலிருந்து தலைவியிடம் சொன்னாள்.

"டீச்சர் வூட்ல டீச்சர் சொல்லாம இன்னா ஜெபம்? கம்முனு குந்துக்கா."

அக்கா நாலாவது பக்கத்தைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து பத்தும். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. அவள் குரல் முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். பதிவில் காக்காய் கத்தியது, பறக்கும் ரயில் போனது, இருமல் வந்தது, தண்ணீர் குடித்தாள். டீ ஆறிப்போனது. மூன்றாவது பத்தின் நடுவில் "அடுப்ப அணைடி" என்று அதட்டல் வந்தபோது, எப்போதும் போல நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். சமையலறையில் அடுப்பு எரியவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கபடிக்காரப் பெண் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு அக்கா ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே முழுக் கோபத்து மூதேவியை அழுத்தினாள். என்னைத் திட்டுகிறாளா, கம்பெனியைத் திட்டுகிறாளா என்று கேட்டேன். லேப்டாப்பைக் கையால் காட்டினாள். பிறகு மறுபடி அழுத்தினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

திட்டி முடித்ததும் லேப்டாப்பை மூடப்போனேன். மூடுவதற்கு முன்னால் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மாலை வரை என் அக்கா பேசலாம் என்று போட்டிருந்தது.